சிறாரும் அறுவை நோவும்

செஞ்சிக் கோட்டையைக் கண்டோர் ஒன்றறிவர். இராஜகிரியின் உச்சிக்கு ஏறும் ஒருவன், வாயில் பல கடந்து, ஈற்றிலே மலைப்பிளவின்மேல் இட்ட பாலத்தையும் கடத்தல் வேண்டும். இடையிலே ஒரு வாயில் அடைபடின், அடிவாரத்துச் செய்தி உச்சியை எட்டாது. நம்முடம்பின் இயல்பும் இதனை ஒத்ததே. காலிலே கத்தி படின், நரம்பென்னுந் தூதன் அச்செய்தியைத் தண்டுவடத்தின் வழியே மூளைக்கு உய்க்கின்றான். மூளை அறிந்த பின்னரே அது நோவாகின்றது.

ஆதலின், நோவைத் தடுக்கும் வழி இரண்டாம். மூளையாகிய அரசனை உறங்கச் செய்தல் ஒன்று. தூதன் வரும் வாயிலை அடைத்தல் மற்றொன்று. 1846-ஆம் ஆண்டிற் பாஸ்டன் நகரிலே மார்ட்டன் ஈதர் ஆவியாற் செய்து காட்டியது முன்னையது. 1884-இல் வியன்னாவிற் காரல் கோலர் கோக்கெயின் துளியாற் கண்ணை மட்டும் மரக்கச் செய்ததும், 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீயர் அம்மருந்தை முதுகந்தண்டினுட் செலுத்தியதும் பின்னையதன் தொடக்கம். சிறுவர்க்கும் முதுகந்தண்டு முறை ஏற்குமென்பதை 1909-இல் இலண்டனிலே டிரெல் கிரே என்னும் வைத்தியர் எடுத்துரைத்தார்.

இக்காலத்திற் சிறார்க்குப் பெரும்பாலும் இரண்டும் ஒருங்கே செய்யப்படுகின்றன. என்னை? விழித்திருக்குங் குழந்தை அசையாது கிடவாது. உறங்கச் செய்தாலோ, உறக்கந் தெளிந்தபின் புண் வருத்தும். ஆகவே, குழந்தை மயங்கியபின், முதுகெலும்பின் அடிக்கோடியிலுள்ள சிறிய இடைவெளி வழியாகப் புபிவகெயின் போன்ற மருந்தை, உடலின் நிறைக்கேற்ப அளந்து செலுத்துவர். குடலிறக்கம் முதலியவற்றிற்காக இடுப்பின் கீழே செய்யும் அறுவைகட்கு இது மிக உதவும். அரசன் விழித்த பின்னும் வாயில் சில மணி நேரம் அடைத்தே இருக்கும். அப்பொழுது கால்கள் தளர்ந்து தோன்றலாம். மருந்தின் ஆற்றல் குறையக் குறைய வலிமை மீளும். அளவு மிகினும், குருதிக்குழாயினுட் புகினும், இம்மருந்து இருதயத்தைத் தாக்கும். ஆதலின் இது தேர்ந்த கையினர்க்கே உரிய தொழில்.

நிற்க. பச்சிளங் குழவிக்கு நோவுணர்ச்சி நிரம்பாதென முன்னர்ப் பலரும் கருதினர். இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்பார், குறைமாதத்திற் பிறந்து நெஞ்சறுவைக்கு உட்பட்ட குழவிகளை ஆராய்ந்தார். நோவடக்கும் மருந்து பெற்றவை, பெறாதவற்றினும் குறைவாகவே இடருற்றன என்பதை 1987-இல் அவர் வெளியிட்டார். பேசா வாயினர் என்பதனால் நோவாதார் எனல் பொருந்தாதென்பது அதனால் விளங்கிற்று.

அற்றேல், பேசாக் குழந்தையின் நோவை அறிதல் எங்ஙனம்? முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுந்தன்மை என்னும் ஐந்தையும் நோக்கி, ஒவ்வொன்றற்கும் இரண்டு வரை எண்ணிட்டு, பத்துக்கு இத்துணையென அளக்கும் முறை 1997-இல் வெளியாயிற்று. ஓயாது அழுவதேயன்றி, அசையாது சுருண்டு கிடத்தலும் நோவின் குறியாகலாம்.

செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களினின்று புதுச்சேரிக்கோ விழுப்புரத்துக்கோ மகவை எடுத்துச் செல்லுந் தாய், “ஐயா, பிள்ளை கண்விழித்த பின் வலிக்கு என்ன செய்வீர்கள்?” என்று முன்னரே கேட்டல் நன்று. அடைத்த வாயில் மீண்டுந் திறக்குமுன்னரே, வைத்தியர் குறித்த பாரசிட்டமால் மருந்தைக் குறித்த அளவிலும் வேளையிலும் ஊட்டத் தொடங்குதல் வேண்டும். அழுதபின் கொடுப்போமெனக் காத்திருத்தல் தகாது. “நாளைக்கு மறந்துவிடும்” என்பார் பலர். மறக்குமாயினும், இன்று நோவது இன்று நோவதே. தணிக்கத்தக்க நோவைத் தணியாது விடுதல் நமக்கு அறமாகாது.