வீட்டிலேயே ரெக்கார்டிங் ஸ்டூடியோ: மைக் வாங்கும் முன் அறையைக் கவனிங்க!

மாசா மாசம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கண்டென்சர் மைக் வாங்கியாச்சு. ஆசை ஆசையாக ஒரு பல்லவி பாடி, ஹெட்போனில் கேட்டுப் பார்த்தால்... குரலோடு சேர்ந்து ஃபேன் ஓடுகிறது, பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிக்கிறது. போதாக்குறைக்கு, பாத்ரூமில் நின்று பாடியது போல ஓர் எதிரொலி. ‘மைக் மட்டமோ?’ என்று அடுத்து இன்னும் விலை கூடிய மைக்கைத் தேட ஆரம்பிக்கிறோம். பணம் வீணாவது இங்கேதான். பெரும்பாலும் பிரச்சினை மைக்கில் இல்லை, அறையில்!

வீட்டில் நிஜமாவே முடியுமா?

தாராளமாக முடியும். பில்லி ஐலிஷின் 2019 ஆல்பம், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள பெற்றோர் வீட்டில், அவருடைய அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில்தான் பெரும்பாலும் பதிவானது. 2020 ஜனவரியில் நடந்த கிராமி விழாவில் அது ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வென்றது. நம்மூரில் ‘ரோஜா’ (1992) பாடல்கள் உருவானதும், கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டோடு சேர்த்து அமைத்த பஞ்சதன் ஸ்டூடியோவில்தான். அது முறையாக வடிவமைத்த ஸ்டூடியோ. நம் பெட்ரூமோடு ஒப்பிட முடியாது. ஆனால், வீட்டிலிருந்தே நல்ல ஒலி வரும் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

அறை என்ன செய்கிறது?

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகும். 10 அடி அறையின் நடுவில் நின்று பாடினால், குரல் நேராக மைக்குக்குப் போகிறது. அதே குரல் சுவரில் மோதி, சுமார் 9 மில்லி செகண்டில் திரும்பியும் வருகிறது. இப்படி ஒவ்வொரு சுவரிலிருந்தும் வருவது குரலோடு கலந்து, ஒலியைக் கலங்கலாக்கிவிடும். நம் வீடுகளில் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை என எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் ரகம். ஒருமுறை பதிவாகிவிட்ட எதிரொலியை சாஃப்ட்வேரால் குறைக்கலாம். குரல் கெடாமல் முழுதாக நீக்குவது கஷ்டம்.

முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எதிரொலியைக் குறைப்பது வேறு வேலை. முதலாவதற்கு கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவு, ஜன்னலும் வேண்டும். முட்டை அட்டையில் கனமே கிடையாது. எதிரொலியிலும் கீச்சு ஒலிகளைத்தான் ஓரளவு குறைக்கும். கனத்த ஒலிகள் அப்படியே இருக்கும். சீக்கிரம் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

காசில்லாமல் என்ன செய்யலாம்?

* தெருப்பக்கமும் மோட்டார் பக்கமும் இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள். துணி நிறைந்த பீரோ, மெத்தை, கனமான திரை இருந்தால் இன்னும் நல்லது.
* பலரும் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஃபோம் ஒட்டுவார்கள். பாடுவதற்குப் பெரும்பாலும் பயன்படும் கார்டியாய்டு மைக், முன்பக்க ஒலியைத்தான் அதிகம் எடுக்கும். எனவே பாடுபவரின் முதுகுக்குப் பின்னால்தான் முதலில் மெத்தையைச் சாய்த்து வைக்க வேண்டும்.
* வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாதா? துணி காயப்போடும் ஸ்டாண்டில் கனமான கம்பளிகளைப் போட்டு இரு பக்கமும் நிறுத்துங்கள்.
* கதவிடுக்கில் துண்டைச் செருகுங்கள். பாடும் நேரம் மட்டும் ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும்தான், வேறு வழியில்லை!

சரி, எந்த மைக்?

கண்டென்சர் மைக் நுணுக்கமான ஒலிகளையும் எடுக்கும். அதனாலேயே அறையின் குறைகளையும் காட்டிக்கொடுக்கும். அதற்கு 48 வோல்ட் ‘ஃபேன்டம் பவர்’ தேவை. சத்தமுள்ள வீடு என்றால், வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடும் டைனமிக் மைக் கைகொடுக்கும். கண்டென்சருக்கு ஒரு சாண், டைனமிக்குக்கு நாலு விரற்கடை தூரம் வைத்து ஆரம்பிக்கலாம். ‘ப’ வரும் இடங்களில் காற்று மைக்கில் மோதி ‘டப்’ என்று கேட்கும். அதற்குத்தான் பாப் ஃபில்டர்.

மைக்கை கம்ப்யூட்டரோடு இணைப்பது ஆடியோ இன்டர்ஃபேஸ். 48 வோல்ட்டைத் தருவதும் அதுதான். பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறதா? சாஃப்ட்வேரில் ‘பஃபர்’ அளவைக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில், பஃபர் 1024 என்றால் அதனால் மட்டுமே சுமார் 21 மில்லி செகண்ட் தாமதம். 128 என்றால் 3 மில்லி செகண்டுக்கும் கீழ்.

சாஃப்ட்வேருக்கு இப்போதே செலவு செய்ய வேண்டாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். ஆடாசிட்டி எல்லோருக்குமே இலவசம். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். 24 பிட்டில் பதிவு செய்து, உச்சத்தில் பாடும்போதும் மீட்டர் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்குமாறு வைத்தால் போதும். சிவப்பு விளக்கு எரிந்தால் குரல் சிதைந்துவிட்டது, மறுபடி பாட வேண்டியதுதான்.

ஹெட்போன் காதை முழுதாக மூடும் ரகமாக இருக்கட்டும். இல்லையென்றால், அதில் ஓடும் இசை கசிந்து மைக்கில் ஏறிவிடும். மானிட்டர் ஸ்பீக்கரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்கே ஒரு டெஸ்ட்

கையில் இருக்கும் போனை எடுங்கள். வீட்டின் ஒவ்வொரு அறையிலும் 10 நொடி மௌனம், ஒரு கைதட்டல், நாலு வரி பாட்டு எனப் பதிவு செய்யுங்கள். போனை எல்லா அறையிலும் ஒரே தூரத்தில் வையுங்கள். பிறகு ஹெட்போனில் வரிசையாகக் கேளுங்கள். எந்த அறையில் மௌனம் மௌனமாகவும், கைதட்டல் ‘டக்’கென்று நின்றும் கேட்கிறதோ, அதுதான் உங்கள் ஸ்டூடியோ.

அதைக் கண்டுபிடிக்கும் வரை, அந்த மைக் ஆன்லைன் கார்ட்டிலேயே இருக்கட்டும்!