தாய் தந்தையரும் பிள்ளையின் குருதியும்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வர ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரைப்பாதையில் யாழ்ப்பாணத்தை அடைய வேண்டும். நயினாதீவாருக்குக் கடல்வழி குறுகியது; ஊர்காவற்றுறையாருக்கோ கடலைக் கடக்கவே வேண்டியதில்லை. எத்தீவிலிருந்து வரினும், சத்திரசிகிச்சைக்கெனப் பிள்ளையை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் பெற்றோர், குருதி வேண்டுமாயின் தம்முடையது உதவும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் பெற்றவர் இருவரின் குருதியும் பிள்ளைக்கு ஆகாதிருத்தல் கூடும்.

மனிதக் குருதி யாவும் ஒரே வகையினதன்று என்பதை 1901இல் வியன்னா நகரில் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் காட்டினார். அவ்வகைகள் வழிவழி வரும் முறையை 1924இல் தெளிவுபடுத்தியவர் வைத்தியரல்லர். பெலிக்ஸ் பேர்ன்ஸ்டைன் என்னும் செர்மானியக் கணித அறிஞர். மக்கட் கூட்டங்களில் எவ்வெவ்வகை எத்துணைப் பேருக்கு உண்டு என்று கணக்கிட்டே அவர் உண்மையைக் கண்டார்.

ஒவ்வொருவரும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பரம்பரையலகுகளைப் பெறுகின்றனர். ஏ, பி என்பன வெளிப்பட்டு நிற்கும். ஓ அவற்றின் பின்னே மறைந்திருக்கும். தந்தை ஏ வகையினர், தாய் பி வகையினர், இருவரிடத்தும் ஓ மறைந்துள்ளது எனக் கொள்வோம். அவர்தம் பிள்ளை ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கில் எதுவாகவும் பிறக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஓ வகைப் பிள்ளையின் குருதிநீர் ஏ, பி என்னும் இரண்டையும் பகைக்குமாதலின், தந்தையின் செங்குழியமும் ஏற்காது, தாயினதும் ஏற்காது. இதனை அறியாது தாயின் ஒழுக்கத்தை ஐயுறுவது பெருங்கொடுமை.

பெற்றோருள் ஒருவர் ஏபி ஆயின், ஓ வகைப் பிள்ளை பிறத்தல் வழக்கமன்று. இதற்கும் ஒரு விலக்குண்டு. 1952இல் பம்பாயில் பெண்டேயும் அவருடன் ஆய்ந்தோரும் வெளிப்படுத்திய அருவகையினர், சோதனையில் ஓ போலவே தோன்றுவர். ஓ குருதியோ அவர்களுக்குப் பொருந்தாது. தம்மினத்தார் குருதியே வேண்டும். அவர்களிடம் ஏ, பி அலகுகள் இருப்பினும் வெளிப்படா; ஆதலின் ஏபி பெற்றோருக்கும் இத்தகைய பிள்ளை பிறக்கலாம். இக்குறை தாய்வழியும் தந்தைவழியும் சேர்ந்து வந்தாலன்றித் தோன்றாது. மச்சான் மச்சாள் மணம் போன்ற நெருங்கிய உறவு மணங்களில் அதற்கு வாய்ப்பு மிகும்.

வகை பொருந்தினும், நெருங்கிய உறவினர் குருதியை வைத்தியர் இயன்றவரை தவிர்ப்பர். அதிலுள்ள வெண்குழியங்கள் பெறுபவர் உடலில் நிலைத்து அவரையே தாக்கக்கூடும். இலங்கையில் 2014 முதல் குருதி முழுவதும் தன்விருப்பக் கொடையாளரிடமிருந்தே பெறப்படுகின்றது. நெடுந்தீவுப் பிள்ளைக்கு ஏற்றப்படும் குருதி, அத்தீவை ஒருநாளும் கண்டிராத ஒருவருடையதாகவும் இருக்கலாம்.