ஒரு முகத்துவாரம், இரண்டு எம்.பி.

காத்திவாக்கம் பக்கமிருந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தைத் தாண்டிப் பார்த்தால் பெரிய புகைபோக்கிகள் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையம். பெயர்தான் வடசென்னை. அது நிற்கும் அத்திப்பட்டு, வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியில் கிடையாது. இந்தக் கரை திருவொற்றியூர் சட்டமன்றத் தொகுதி, அதனால வடசென்னை. அந்தக் கரை பொன்னேரி (தனி), அதனால திருவள்ளூர் (தனி). காட்டுக்குப்பத்து மீனவர் ஓட்டு போடுவது இங்கே. அவர் வலை வீசும் தண்ணியில் சாம்பல் வந்து சேர்வது அங்கேயிருந்து.

தேர்தல்னாலே வேட்பாளர், கூட்டணி, ஓட்டுக்குப் பணம் இதைத்தான் பேசுறோம். யார் யாரோட சேர்ந்து ஓட்டு போடுறது என்பதை முடிவு செய்யும் கோட்டைப் பற்றி யாரும் பேசுறதில்லை. எனக்கென்னவோ பாதித் தேர்தல் அந்தக் கோட்டிலேயே முடிஞ்சுடுதுன்னு தோணும்.

இப்போதைய கோட்டைப் போட்டது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம். 2008-ல் நடைமுறைக்கு வந்து, 2009 மக்களவைத் தேர்தல் அதன்படி நடந்தது. செங்கல்பட்டு, திண்டிவனம், ராசிபுரம், பழனி என்று பழகின மக்களவைத் தொகுதிகள் காணாமல் போனது அப்போதுதான். கோடு போட 2002-ம் ஆண்டுச் சட்டம் சொல்லும் விதி எளிமையானது: நிலப்பரப்பு ஒட்டினாற்போல இருக்க வேண்டும், ஆறு, மலை போன்ற இயற்கை அமைப்புகள், நிர்வாக எல்லைகள், போக்குவரத்து, மக்கள் வசதி இவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு சட்டமன்றத் தொகுதியை இரண்டு எம்.பி. தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்கு 234-ஐ 39-ஆல் வகுத்தால் சரியாக ஆறாறு. பொன்னேரி எங்கே போகிறதோ அத்திப்பட்டும் அங்கே போகும், அவ்வளவுதான்.

அன்றைக்கு இரண்டு கரையும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தன. (காத்திவாக்கம் நகராட்சி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது; சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018-ல்.) தாலுகாதான் வேறே. வரைபடம் பார்க்கிறவருக்கு ஆறு ஒரு எல்லை. அதில் இறால் பிடிக்கிறவருக்கு அது வேலை செய்யும் இடம். சட்டத்தில் இந்த இரண்டாவது பார்வைக்கு இடமில்லை.

இதனால என்ன நஷ்டம்னு கேட்கலாம். எந்த எம்.பி.யும் எந்த ஊரைப் பற்றியும் மக்களவையில் கேள்வி கேட்கலாம், தடையில்லை. ஆனால் எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. அதைப் பெரும்பாலும் தன் தொகுதிக்குள்தான் பரிந்துரைக்க முடியும். எதிர்க்கரையில் இருக்கும் காமராஜர் துறைமுகம் மத்திய அரசுடையது. கடலோர ஒழுங்குமுறை விதிகளும் டெல்லியில்தான் எழுதப்படுகின்றன. அதாவது சட்டமன்றத்தை விட நாடாளுமன்றத்தில் பேச வேண்டிய விஷயங்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தபோது அது தொகுதி பார்த்துப் படரவில்லை.

கோடு எப்போதும் நகர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. 1952-ல் சென்னை நகரத்துக்கே ஒரே எம்.பி., டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1957-ல் வடக்கு, தெற்கு என இரண்டானது. வடக்கில் ஜெயித்தவர் இலங்கையிலிருந்து வந்த தொழிற்சங்கத் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை, சுயேச்சையாக! நகரம் முழுக்க ஒரே தொகுதியாக இருந்திருந்தால் ஆலைத் தொழிலாளர் ஓட்டு இப்படித் திரண்டு தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம். 1977-ல் மத்திய சென்னையும் சேர்ந்து மூன்றானது.

ஓட்டு போடும் விதமும் மாறியது. முதல் இரண்டு தேர்தல்களில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. சின்னம் பார்த்துச் சீட்டை உள்ளே போட வேண்டியதுதான். அப்புறம் முத்திரை, 2004-ல் நாடு முழுக்க இயந்திரம். பட்டனை அமுக்கிவிட்டு வந்தும் நம்ம ஆட்கள் "எதுக்குக் குத்துன?"னுதான் கேட்கிறாங்க.

எண்ணிக்கை விஷயம்தான் பெரிய தலைவலி. 1962-ல் தமிழ்நாட்டுக்கு 41 இடம். மக்கள்தொகை மற்ற மாநிலங்களை விட மெதுவாக வளர்ந்ததால் 1967-ல் 39. அவசரநிலைக் காலத்தில் வந்த 42-வது திருத்தம் 1971 கணக்கோடு எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை தள்ளியது. 1971-ல் ஒரு தொகுதிக்குத் தமிழ்நாட்டில் சுமார் 10.5 லட்சம் பேர், ராஜஸ்தானில் 10.3 லட்சம். 2011-ல் இங்கே 18.5 லட்சம், அங்கே 27.4 லட்சம். ராஜஸ்தான்காரர் தன் ஓட்டுக்கு மதிப்புக் குறைவு என்றால் அதில் நியாயம் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததற்கு இடத்தைப் பறிப்பதா என்று நாம் கேட்பதிலும் இருக்கிறது. நான் நம்ம பக்கம்தான். ஆனால் எதிர்வாதத்தை அபத்தம் என்று ஒதுக்க முடியவில்லை.

மொத்த எண்ணிக்கை என்ன ஆனாலும், மாநிலத்துக்குள் கோடுகள் மறுபடி போடப்படும்போது, இதுவரை நடந்த முறைப்படி, முதலில் வரைவு வெளியாகும், ஆட்சேபம் கேட்பார்கள், பொது விசாரணை நடக்கும். இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றத்தில் அதை அசைப்பது மிகக் கடினம். இரண்டு கரையையும் ஒன்றாக வையுங்கள் என்று மனு கொடுக்க வேண்டிய நேரம் அந்த இடைவெளிதான். மனு எழுதுவதும் சுலபமில்லை. அத்திப்பட்டு, காட்டுப்பள்ளியை இந்தப் பக்கம் இழுத்தால் பொன்னேரியில் பட்டியல் சாதியினர் விகிதம் மாறும், தனித் தொகுதிக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டிவரும். திருவொற்றியூர் வீங்கும், ஈடுகட்ட அதன் தெற்கே சில வார்டுகளை ஆர்.கே. நகருக்குத் தள்ள வேண்டும். அந்த வார்டுக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு மனுவோடு வருவார்கள்.