இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பொருத்தம் பார்த்தீங்களா?

இரும்பையில எங்க வீட்டு வேப்பமரத்தடியில ஒரு பழைய அம்பாசிடர் நிக்குது. தாத்தா ஓட்டின கார். இன்ஜின் புகை தள்ள ஆரம்பிச்சதும், 1817 சிசி ஐசுசு இன்ஜினை வாங்கிப் போட்டோம். எட்டே மாசத்துல கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பிச்சுது. கழட்டிப் பார்த்துக் கத்துக்கிட்டதைத்தான் இங்க சொல்றேன். உங்க வீட்டிலயும் பழைய கார் இருந்தா, செலவு பண்றதுக்கு முன்னாடி படிச்சிடுங்க.

அம்பாசிடரில் பல வருஷம் இருந்தது பிரிட்டிஷ் வடிவமைப்பான 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன், 4 ஸ்பீடு கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் லிவர். 1990-களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் சுமார் 75 குதிரைத்திறன் கொண்ட ஐசுசு இன்ஜினுக்கு மாறினப்போ, 5 ஸ்பீடு கியர்பாக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. அதாவது, கம்பெனியே ரெண்டையும் ஜோடியாத்தான் மாத்துச்சு.

பொருத்தம் தப்பினா பெரிய கம்பெனியும் தப்பாது. சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1985-ல கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000, பார்க்க பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அங்கே அதுக்கு 3.5 லிட்டர் வி8 இன்ஜின்கூட உண்டு. இங்கே உள்ளே இருந்ததோ 1940-களின் கடைசியில் வந்த வான்கார்ட் காரோட 1991 சிசி இன்ஜின். கார் எடுபடல, 1988-ல உற்பத்தி நின்னுபோச்சு.

எங்க காருக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்பில் பழைய கியர்பாக்ஸையே வெச்சு, நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் கடைஞ்சு மாட்டினாங்க. பிளேட்டோட மையம் கொஞ்சம் விலகியிருந்துச்சு. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனை, கிராங்க் ஷாஃப்ட் கடைசியில இருக்கிற குட்டி பேரிங்கில் உட்காரும். ரெண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லைன்னா ஒவ்வொரு சுத்துக்கும் ஷாஃப்ட் பக்கவாட்டில் இழுபடும். 3000 ஆர்பிஎம்-ல நிமிஷத்துக்கு 3000 தடவை! பேரிங் தாங்குமா?

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஃப்ளைவீல் மேல டயல் கேஜை மாட்டி, முள்ளை பெல் ஹவுசிங் துளையின் உட்பக்கம் தொட வெச்சு, கிராங்கை ஒரு முழுச் சுத்து சுத்துங்க. முள் ஆடுற மொத்த அளவில் பாதிதான் மைய விலகல்.

பாக்ஸைப் பிரிச்சப்போ சிங்க்ரோ ரிங்குகளும் தேஞ்சிருந்துச்சு. கியர் மாறும்போது ரெண்டு பாகத்தோட வேகத்தையும் உராய்ஞ்சு சமப்படுத்துறது இந்தப் பித்தளை வளையம்தான். அது தேஞ்சா, கியர் போடும்போது 'கர்ர்ர்'னு சத்தம் வரும்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம்னா இதுக்கு நாலு:

1. பெல் ஹவுசிங் போல்ட் துளைகளும் மையமும்.
2. கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்லைன், இன்புட் ஷாஃப்டுக்குச் சேருதா?
3. புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம். பாக்ஸ் மாறினா இதுவும் மாறலாம்.
4. மவுண்டிங் பிடிக்கிற தகடு. நம்ம மரக்காணம் பக்கத்து உப்புக்காத்தில் அது துரும்பாயிருக்கும். சுத்தியலால தட்டிப் பாருங்க.

அஞ்சாவதா ஒண்ணு, ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியில் செய்யுற மாற்றங்களைப் பத்தினது. இன்ஜின் வாங்குறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுடுங்க.

நாங்க இப்போ புதுப்பேட்டையில் ஐசுசுவோட சொந்த 5 ஸ்பீடு பாக்ஸைத் தேடிட்டிருக்கோம். முதல்லயே ஜோடியா வாங்கியிருந்தா, ஒரு செலவோட போயிருக்கும்.