இரண்டு நூல் பின்னிக்கொண்டால் துணி பிரியாது!

நாடா இல்லாத தறியில் ஓரம் உருவாகும் விந்தை

துணிக்கடைக்குப் போகிறீர்கள். லுங்கி ஒன்று கேட்கிறீர்கள். கடைக்காரர் எடுத்து விரித்துக் காட்டுகிறார். நீங்கள் நிறத்தைப் பார்ப்பீர்கள். கட்டத்தைப் பார்ப்பீர்கள். விலையைக் கேட்பீர்கள்.

துணியின் ஓரத்தைப் பார்ப்பீர்களா?

பெரும்பாலோர் பார்ப்பது இல்லை. ஆனால் துணியின் ஆயுளைக் காப்பது அந்த ஓரம்தான். ஓரத்தில் ஒரு நூல் கழன்றால், அடுத்த நூலும் கழலும். நான்கு முறை துவைப்பதற்குள் நல்ல துணியும் நார் நாராகத் தொங்கும்.

கடல் கடந்த துணி

திருவள்ளூர் மாவட்டத்தில் நெசவாளர்கள் நிறைந்த ஊர்கள் பல உண்டு. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனால் "தடக், தடக்" என்று விசைத்தறியின் ஓசை கேட்கும்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கடற்கரையில் இருக்கிறது பழவேற்காடு. அங்கே 1613-ம் ஆண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். அந்தத் துறைமுகத்தில் இருந்து துணிகள் கப்பல் ஏறிக் கிழக்குத் தீவுகளுக்குச் சென்றன. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் "பெலேகாட்" என்று பெயர். பழவேற்காட்டை வெள்ளைக்காரர்கள் "புலிகாட்" என்றார்கள். அந்தப் பெயரே கைலியின் பெயராகிவிட்டது!

அந்தத் துணிகளை எல்லாம் நெய்தது கைத்தறி. ஓரத்தைக் கட்டியது நாடா.

நாடா செய்த வேலை

தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு நூல். குறுக்கே ஓடுவது ஊடை நூல். பாவு நூல்களில் பாதி மேலே எழும், பாதி கீழே இறங்கும். நடுவே ஒரு வழி திறக்கும். அந்த வழியில் நாடா பாய்ந்து ஊடை நூலை இழுத்துச் செல்லும்.

நாடா வலது ஓரம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி இடது பக்கம் வரும். நூல் அறுவது இல்லை. ஓரத்துப் பாவு நூலைச் சுற்றிக்கொண்டு அதே நூல் திரும்பி வருகிறது. இதனால் ஓரம் தானாகவே கட்டுப்பட்டுவிடும்.

1733-ல் இங்கிலாந்தின் ஜான் கே, கயிற்றை இழுத்தால் பாயும் நாடாவைக் கண்டுபிடித்தார். 1785-ல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்கு உரிமம் பெற்றார். தறி மாறியது. ஆனால் நாடா போகவில்லை. ஓரத்துக்கும் குறை வரவில்லை.

ஓடிப்போனது நாடா

நாடா கனமானது. அதை அடித்து ஓட்ட வேண்டும், மறு ஓரத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். அதனால் சத்தம் அதிகம். வேகத்துக்கும் எல்லை உண்டு. சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு 100 முதல் 150 ஊடை வரை போடும்.

"நாடாவே இல்லாமல் நெய்தால் என்ன?" என்று பொறியாளர்கள் யோசித்தார்கள். 1953-ல் சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் ஒரு புதுத் தறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாடாவுக்குப் பதில் விரல் அளவுள்ள ஓர் உலோகத் துண்டு நூலைக் கவ்விக்கொண்டு பறந்தது! பின்னர் காற்றை ஊதியே நூலைச் செலுத்தும் தறியும் வந்தது. இன்றைய காற்றுத்தறி நிமிடத்துக்கு 600 ஊடைக்கு மேல் போடும்.

வேகம் கிடைத்தது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது.

புதுத் தறியில் ஊடை நூல் திரும்பி வருவது இல்லை. ஒவ்வொரு முறையும் புதிய நூல் போகிறது, ஓரத்தில் வெட்டப்படுகிறது. வெட்டிய நுனிகள் பல் துலக்கும் பிரஷ் போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஓரத்துப் பாவு நூலைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. கையால் இழுத்தால் உருவிக்கொண்டு வரும்!

சுல்சர் தறி, வெட்டிய நுனியை மடக்கித் துணிக்குள்ளேயே செருகியது. ஓரம் உறுதியாக இருந்தது. ஆனால் நூல் இரட்டிப்பதால் அந்த இடம் தடிக்கும். இன்னொரு வழியும் இருந்தது.

மூங்கில் திரையில் பாடம்

வீட்டு வாசலில் மூங்கில் குச்சித் திரை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். குச்சிகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை. இரண்டு கயிறுகள்தான் அவற்றைப் பிடித்து நிற்கின்றன. ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவே அந்த இரண்டு கயிறுகளும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்கின்றன. அதனால் குச்சி நகர்வது இல்லை.

குச்சிகளை ஊடை நூல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கயிறுகளைப் பாவு நூல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விளங்கிவிடும்! பாவு நூல் இரண்டு, ஊடைக்கு ஊடை பின்னிக்கொண்டால் துணி பிரியாது. இதற்கு "லீனோ" நெசவு என்று பெயர்.

நூல் இடம் மாறுவது எப்படி?

சாதாரணத் தறியில் பாவு நூல் மேலும் கீழும்தான் போகும். பக்கத்து நூலைத் தாண்டாது. லீனோவில் தாண்ட வேண்டும்.

இதற்கு இரண்டு நூல்கள் ஒரு ஜோடி. ஒன்று இடம் மாறாமல் நிற்கும் நூல். மற்றொன்று தாவும் நூல். தாவும் நூலை ஓர் அரை விழுது பிடித்திருக்கும். அதன் இரு பக்கத்திலும் தூக்கும் விழுதுகள் உண்டு. இடது விழுது எழுந்தால், தாவும் நூல் இடப்பக்கம் எழும். வலது விழுது எழுந்தால், நிற்கும் நூலுக்கு அடியில் புகுந்து வலப்பக்கம் எழும். ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் நடுவே ஊடை பாயும்.

துணியின் ஓரத்துக்கு மட்டும் என்றால் வேறு ஒரு கருவி போதும். ஒரு சிறு சக்கரம். அதில் இரண்டு நூல் உருளைகள். ஊடை ஒன்று போனதும் சக்கரம் அரைச் சுற்று சுற்றும். மேல் நூல் கீழே வரும், கீழ் நூல் மேலே போகும். முறுக்கு விழுந்துவிடும்! நிமிடத்துக்கு 600 ஊடை என்றால், சக்கரம் 300 முழுச் சுற்று சுற்றியாக வேண்டும்.

வெங்காயப் பையும் லீனோதான்

சந்தையில் வெங்காயம் வந்து இறங்கும் வலைப்பையைப் பாருங்கள். அதில் லீனோவாக நெய்த பைகள் உண்டு. இழைகள் தள்ளித் தள்ளி இருக்கும், காற்று புகும். ஆனாலும் கண்கள் விரிந்து வெங்காயம் கொட்டுவது இல்லை. பழவேற்காட்டு மீனவர் வலையில் முடிச்சு செய்யும் வேலையை, இங்கே முறுக்கு செய்கிறது. சுவர்ப் பூச்சு விரிசல் விடாமல் உள்ளே பதிக்கும் கண்ணாடி இழை வலையிலும் இதே நெசவு உண்டு.

கண் வேண்டும்!

எந்திரம் பின்னுகிறது என்பதால் கவலை இல்லை என்று இருக்க முடியாது. தாவும் நூல் சுற்றி வளைந்து போவதால் அதற்கு நீளம் அதிகம் வேண்டும். தாவும் நேரத்தில் சற்றுத் தளர்த்திக் கொடுக்காவிட்டால் அறுந்துவிடும். அறுந்ததைக் கவனிக்காமல் தறியை ஓட்டினால், அத்தனை மீட்டர் துணியும் ஓரம் இல்லாத துணி!

இன்னொரு செலவும் உண்டு. நுனிகளைப் பிடித்து வெட்டுவதால் கொஞ்சம் நூல் கழிவாகப் போகும். ஊடைக்கு 5 சென்டிமீட்டர் வீணானால், 600 ஊடைக்கு 30 மீட்டர். ஒரே நிமிடத்தில் 30 மீட்டர் நூல் நஷ்டம்! நாடாவுக்கு இந்த நஷ்டம் இல்லை.

கைத்தறி நெசவாளரின் திறமையை ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வளைந்து நெளியாமல் நேராக இருந்தால், அது பழகிய கை. இன்று அந்த வேலையைச் சிறு சக்கரம் செய்கிறது. ஆனால் அறுந்த நூலைக் கண்டு, தறியை நிறுத்தி, மீண்டும் கோத்துவிடுவது தொழிலாளியின் கண்ணும் கையும்தான்.

அடுத்த முறை துணி வாங்கும்போது ஓரத்தையும் பாருங்கள். நூல் திரும்பிச் சென்று வழவழப்பாக இருந்தால், அது நாடா நெய்தது. மயிர் போல நுனிகள் நீட்டிக்கொண்டு, அருகே இரண்டு நூல் முறுக்கிக்கொண்டு நின்றால், அது நாடா இல்லாத தறி நெய்தது. ஓரத்து நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். வராவிட்டால், தயங்காமல் வாங்கலாம்!