காத்திருந்து ஆட்கொண்ட கருணை

கல்வி கற்றவனைப் பணிவுடையவன் ஆக்கும் என்று நாம் மாணவர்க்கு நாள்தோறும் சொல்லி வருகின்றோம். உலகிற் காண்பது பல வேளைகளில் வேறாக இருக்கின்றது. செல்வச் செருக்குச் செல்வம் தொலையத் தொலையும். பதவிச் செருக்குப் பதவியோடு போகும். கல்விச் செருக்கோ கற்றவனோடு முதுமை வரைக்கும் உடன் வரும். அதனைக் கல்வி கொண்டே போக்க முயல்வது நெய் வார்த்து நெருப்பவிக்க முயல்வது போன்றது. அங்ஙனமாயின் அஃது எவ்வாறுதான் அழியும்? முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் என் உள்ளத்தில் இவ்வினா எழும்போதெல்லாம் நினைவுக்கு வருவது, புனித அகுஸ்தீனார் இலத்தீன் மொழியில் இயற்றிய ‘அறிக்கைகள்’ என்னும் நூலாகும்.

பதின்மூன்று பகுதிகளை உடைய இந்நூல் கி. பி. 397 ஆம் ஆண்டுக்கும் 400 ஆம் ஆண்டுக்கும் இடையில் எழுதப்பட்டது என்பர். ஆசிரியர் அப்போது வட ஆபிரிக்காவிலுள்ள ஹிப்போ நகரின் ஆயர். நூல் முழுவதும் இறைவனை முன்னிலைப்படுத்தியே செல்கின்றது. நாம் ஒருபுறம் ஒதுங்கி நின்று கேட்பவர்களே. நூற்பெயராய் அமைந்த இலத்தீன் சொல்லுக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளல், இறைவனைப் புகழ்தல் என இரு பொருளும் உண்டு. அவ்விரண்டும் இந்நூலிற் பிரிக்கவொண்ணாதபடி பின்னிக் கிடக்கின்றன. சமய நூல் என்று இதனை ஒதுக்கிவிட முடியாமைக்கு ஆசிரியர்களாகிய நமக்குத் தனிப்பட்ட காரணமும் ஒன்றுண்டு. அகுஸ்தீனார் நம் இனத்தவர். இலக்கணமும் சொல்வன்மையும் கற்பித்து வாழ்ந்தவர்.

அவர் 354 ஆம் ஆண்டில், இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டின் ஒரு பகுதியிலுள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தை பத்ரீசியார் சிறிதளவு நிலமுடையவர். கிறிஸ்து சமயத்தைத் தம் வாழ்நாளின் இறுதியிலேயே தழுவியவர். தாய் மோனிக்கா அம்மையார் அச்சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். மகனின் அறிவுக்கூர்மையைக் கண்ட பெற்றோர் அரிதின் முயன்று அவரைக் கார்த்தேஜ் நகருக்கு அனுப்பிக் கற்பித்தனர். பத்தொன்பதாம் வயதில் உரோம நாவலரான சிசரோவின் நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியது. ‘ஹொர்த்தென்சியுஸ்’ எனப் பெயரிய அந்நூல் மெய்யறிவின்மேல் அவருக்கு அடங்காத வேட்கையை ஊட்டிற்று. வேட்கை மிகுந்த இளைஞர் தம் தாயின் வேதத்தையும் எடுத்துப் பார்த்தார். பார்த்த அளவில் வைத்துவிட்டார். சிசரோவின் பெருமித நடைக்குமுன் அது நிற்கத் தகுதியற்றது என்பதே அவர் கண்ட முடிபு.

அக்காலத்தில் வழங்கிய இலத்தீன் மொழிபெயர்ப்புக்கள் கரடுமுரடானவை என்பது உண்மையே. கற்றோர் ஒரு வேதத்தின் பொருளுட் புகுமுன் அதன் நடையிலே இடறி நிற்பர் என்பது நம் நாட்டவரும் அறிந்த செய்தி. 1850 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்புக்காகப் பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் துணையை நாடியதை நினைவு கொள்க. ஆயினும் பிற்காலத்தில் அகுஸ்தீனார் தம் இளமைத் தீர்ப்பை ஆராய்ந்தபோது, பிழை நடையில் இருந்தது என்று சொல்லவில்லை. அம்மாளிகையின் வாயில் தாழ்வானது. குனிந்து புகுவோர்க்கே உள்ளே உயரம் தெரியும். தமக்கோ கழுத்து வளையவில்லை என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம். வாயிலை உயர்த்தித் தருமாறு கேட்பது செருக்கின் இயல்பு. இறைவன் வாயிலை உயர்த்தவுமில்லை; வந்தவரைத் தள்ளிக் கதவடைக்கவுமில்லை; காத்திருந்தான்.

காத்திருந்த காலம் பதின்மூன்று ஆண்டுகள். முதல் ஒன்பது ஆண்டுகளை அவர் மானி என்னும் பாரசீக ஞானியின் சமயத்தில் கழித்தார். நம்பு என்று பணியாது, அறிவு கொண்டே அனைத்தையும் விளக்குவோம் என்று அச்சமயத்தார் சொல்லி வந்தனர். செருக்குற்ற அறிவுக்கு அதனினும் இனிய அழைப்பு வேறு யாது? மோனிக்கா அம்மையார் கண்ணீரோடு ஓர் ஆயரிடஞ் சென்று, தம் மகனோடு வாதிட்டுத் திருத்துமாறு வேண்டினார். இளமையில் தாமும் அச்சமயத்திலிருந்து மீண்டவரான அவ்வாயர் வாதிட மறுத்துவிட்டார். புதுமை தந்த மயக்கத்தில் இருப்பவன் சொற்கேளான். படித்துப் படித்துத் தானே பிழையைக் காண்பான். நீர் இறைவனை வேண்டும் என்றார். அம்மையார் விடாது மன்றாடவே, இத்தனை கண்ணீருக்கு உரிய மகன் கெட்டொழிதல் கூடாது என்னும் கருத்துப்படச் சொல்லி அனுப்பினார். அவ்வாயரின் பெயரை நூல் குறிப்பிடவில்லை. வாதத்தில் வெல்லப்பட்ட செருக்கு மறுவாதம் தேடுமேயன்றிப் பணியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவ்விடத்தில் தமிழர் எவரும் திலகவதியாரை நினையாதிருத்தல் அரிது. தருமசேனர் என்னும் பெயரோடு சமணத்திற் பெரும்புகழ் பெற்றிருந்த தம்பிக்காகத் திருவதிகையில் அத்தமக்கையார் செய்த வேண்டுதலைப் பெரியபுராணத்திற் காண்கின்றோம். திருமணப் பந்தரிலே ஓலை காட்டி வழக்கிட்டுச் சுந்தரரை ஆண்ட வரலாற்றைத் தடுத்தாட்கொண்ட புராணம் என்றே சேக்கிழார் பெயரிட்டார். இறைவன் வழிமறித்துப் பற்றிக்கொள்ளும் செயலுக்கு இதனினும் சிறந்த சொல் எம்மொழியில் உண்டோ அறியேன். அகுஸ்தீனார் வரலாறோ மற்றொரு வகை. அவருக்குச் சூலைநோயும் வரவில்லை. ஓலையோடு வேதியரும் வரவில்லை. தடுத்தாட்கொள்ளுதலுக்கு இணையாகக் காத்தாட்கொள்ளுதல் என ஒரு சொல் அமைத்துக்கொண்டால் இவ்வரலாற்றுக்கு அது பொருந்தும். அந்தச் செருக்குற்ற மனிதர் தாமே விரும்பித் தேர்ந்த வழிகளைக் கொண்டே இறைவன் அவரைத் தன்பால் நடத்திச் சென்றான் என்பதே நூலின் உயிர்நிலை.

அவ்வழிகளைச் சிறிது நோக்குவோம். மானி சமயத்தில் எழுந்த ஐயங்களைத் தீர்க்கப் பவுஸ்துஸ் என்னும் பேரறிஞர் வருவார் என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டது. அவர் வந்தார், இனிக்கப் பேசினார், வான நூல் பற்றிய வினாக்களைக் கேட்டபோது, தாம் அறியேன் என்று ஒளிக்காது ஒப்புக்கொண்டார். அம்மறுமொழியால் அச்சமயத்தின் மேலிருந்த நம்பிக்கை தளர்ந்தது. அறியாமையை ஒப்புக்கொள்ளும் அடக்கம் அறிவினும் அழகியது என்பதையும் அகுஸ்தீனார் அன்றே உணர்ந்தார். பணிவின் முதற்பாடத்தை அவருக்குப் புகட்டியவர் மாற்றுச் சமயத்தவரான ஒருவர்!

கார்த்தேஜ் மாணவரின் அடங்காமையை வெறுத்து, 383 ஆம் ஆண்டில் அவர் உரோமைக்குப் புறப்பட்டார். உடன்வர முயன்ற தாயிடம், நண்பரை வழியனுப்பச் செல்வதாகப் பொய் கூறி, அவர் துறைமுகத்தருகே கோயிலொன்றில் மன்றாடிக்கொண்டிருந்த இரவிற் கப்பலேறிவிட்டார். மகன் போகாதிருக்கவேண்டும் என்பதே அன்றிரவு அம்மையாரின் வேண்டுதல். அவ்வேண்டுதலை மறுத்ததனாலேயே இறைவன் அவரது வாழ்நாள் வேண்டுதலை நிறைவேற்றினான் என்று பின்னாளில் மகன் எழுதினார். உரோமையிலும் அமைதி கிட்டவில்லை. அங்கே மாணவர் அடங்கியிருந்தனர்; சம்பளங் கொடுக்கும் நாள் நெருங்கியதும் கூட்டமாக வேறாசிரியரிடம் மாறிவிட்டனர். இப்பகுதியைப் படிக்கும் ஆசிரியர் எவரும் தம்மையறியாது புன்முறுவல் பூப்பர். அந்தச் சலிப்பே அவரை மிலான் நகரத்து அரசாங்க ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கத் தூண்டிற்று. 384 ஆம் ஆண்டில், அரசாங்கச் செலவில், புகழின் உச்சியை நோக்கி அவர் மிலானுக்குச் சென்றார். அங்கேதான் ஆயர் அம்புரோசியார் இருந்தார்.

அம்புரோசியாரின் பிரசங்கத்தை அகுஸ்தீனார் கேட்கச் சென்றது பொருளுக்காக அன்று. அவர் நாவன்மை புகழுக்கு ஏற்றதுதானா என்று அளந்து பார்ப்பதற்கே. ஒரு புலவர் மற்றொரு புலவரை எடைபோடச் செல்வதை நாம் அறிவோம். சொல்லைக் கேட்கத் திறந்த செவிவழியே பொருளும் மெல்லப் புகுந்துவிட்டது. அம்புரோசியார் இவரைத் தேடி வந்து வாதிடவில்லை. ஓய்வு வேளைகளில் அவர் வாய்திறவாது கண்ணால் மட்டும் நூல் படித்துக்கொண்டிருப்பார். இவர் அருகே சென்று அமர்ந்திருந்து, இடையூறு செய்ய மனமின்றித் திரும்புவார். எந்தத் தொழிலால் அவர் உள்ளம் செருக்குற்றதோ, அந்தத் தொழிலே அவரை வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்திற்று.

பேரரசரைப் புகழும் உரையொன்றை ஆயத்தஞ் செய்து கவலையோடு சென்ற ஒரு நாள், குடித்து மகிழ்ந்து சிரிக்கும் பிச்சைக்காரன் ஒருவனை வீதியில் அவர் கண்டார். பொய்ப்புகழ் பாடித் தாம் தேடியலையும் மகிழ்ச்சி அவனுக்குச் சில காசுகளில் எய்திவிட்டதே என எண்ணி அவர் வெட்கினார். பின்னர்ச் சிம்பிளிசியார் என்னும் முதியவர் அவருக்கு விக்தோரினுசின் வரலாற்றைச் சொன்னார். உரோமையில் உருவச்சிலை வைத்துப் போற்றப்பட்ட சொல்லாசான் அவர். உள்ளத்தால் கிறிஸ்தவரான பின்பும், உயர்குடி நண்பர் நகைப்பர் என்று அஞ்சி நெடுநாள் கோயிலுக்கு வெளியே நின்றார். முடிவில், மறைவாக அறிக்கை செய்துகொள்ளும் வாய்ப்பை அளித்தபோதும் மறுத்து, மக்கள் அனைவரும் காணத் தம் நம்பிக்கையை வெளியிட்டார். சொல்லை விற்றபோது கூச்சமின்றி அவையில் நின்றவர் மெய்யைச் சொல்ல ஒளியலாமா என்பது அவர் கருத்து. இக்கதை அகுஸ்தீனாரின் நெஞ்சிலே தைத்தது.

386 ஆம் ஆண்டில், எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த அந்தோனியார் என்னும் துறவியைப் பற்றி நண்பர் ஒருவர் கூறக் கேட்டார். ஏட்டுக் கல்வி இல்லாதார் விண்ணுலகைக் கைக்கொள்ள, கற்ற நாம் சேற்றிற் புரள்கின்றோமே என்னும் கருத்துப்படத் தோழர் அலிப்பியரிடம் கதறினார். அன்று தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்துப் படிக்குமாறு சொல்லும் ஒரு பிள்ளைக் குரல் அயல் வீட்டிலிருந்து கேட்டது. பவுலடியாரின் திருமுகங்களை எடுத்து, கண்பட்ட இடத்தைப் படித்தார், ஐயம் நீங்கிற்று. அவர் அன்று கையிலெடுத்தது பத்தொன்பதாம் வயதில் நடை போதாதென்று ஒதுக்கிய அதே வேதத்தின் ஒரு பகுதி. நூலின் நடை மாறவில்லை, கழுத்து வளைந்திருந்தது.

அதன்பின் செய்ததும் கருதத்தக்கது. பதவியை ஆரவாரமாக உதறவில்லை. விடுமுறைக்கு ஏறக்குறைய இருபது நாளே இருந்தமையால், அதுவரை கற்பித்துவிட்டு அமைதியாக விலகினார். துறவையும் பெருமைக்குரிய காட்சியாக்கிவிடல் ஆகாது என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. 387 ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில், வேண்டியது கிடைத்த நிறைவோடு மோனிக்கா அம்மையார் ஓஸ்தியா நகரிற் காலமானார்.

நடந்து முடிந்தவற்றைத் திரும்பி நோக்குபவனுக்கு எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். இதில் இறைவன் செயல் எங்கே என்று ஒருவர் தடை எழுப்பலாம். தக்க தடையே. மரத்தை அதன் கனியால் அறியலாம் என்பதே இதற்கு யான் கூறும் விடை. முதுமையில், 426 ஆம் ஆண்டளவில், அகுஸ்தீனார் தாம் எழுதிய 93 நூல்களையும் வரிசையாக எடுத்து ஆராய்ந்து, எங்கெங்கே பிழைபட எழுதினார் என்பதைத் தாமே காட்டும் தனி நூல் ஒன்றை எழுதினார். பிறர் நூலிற் பிழை காண்பது நமக்கு எளிது. பிறர் காட்டிய பிழையை ஏற்பது அரிது. கேளாமலே தம் பிழையைத் தாமே உலகறியச் சொல்வது புலவருலகில் மிக மிக அரிது. சிசரோவின் நடையை அளவுகோலாக்கி வேதத்தைத் தள்ளிய இளைஞரின் கையே அந்நூலையும் எழுதிற்று.

அப்போதும் செருக்கு முற்றும் ஒழிந்தது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. புகழ்ச்சியைக் கேட்டு மகிழும் மனம் இன்னும் தம்மிடம் உண்டு என்று ‘அறிக்கைகள்’ பத்தாம் பகுதியிலே ஆயராக இருந்தபோதே எழுதியிருக்கின்றார். ஆட்கொண்ட பின்பும் அப்பொறுமைக்கு வேலை இருந்தது. கண்டிப்பையும் வாதத்தையுமே கருவியாகக் கொண்டு மாணவர் மனத்தை ஒரு பருவத்துக்குள் வளைத்துவிட விரையும் நாம், பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்த அந்த ஆசிரியனை ஒருகால் நினைத்துக்கொள்வது நன்று.