பழகாத கண்

அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணிடம் மருத்துவ மாணவர்கள் உட்பரிசோதனை செய்து பழகுவது அமெரிக்கப் போதனா மருத்துவமனைகளில் நெடுங்காலம் நடந்துவந்தது. பல இடங்களில் அந்தப் பெண்ணிடம் முன்னால் கேட்டதுமில்லை, விழித்த பின் சொன்னதுமில்லை. அப்படிச் செய்ய மறுத்த பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர் ஆரி சில்வர்-இசென்ஸ்டாட், மருத்துவர் பீட்டர் யூபெல் முதலியோருடன் சேர்ந்து இதையே ஆய்வுப்பொருளாக்கினார். 2003இல் வெளிவந்த அந்த ஆய்வு பிலடெல்பியாவின் 5 மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கேட்டறிந்தது. மகப்பேறு, பெண்ணோயியல் பிரிவில் பயிற்சி முடித்தவர்கள், இன்னும் முடிக்காதவர்களைவிட, ஒப்புதல் கேட்பதைக் குறைவாகவே முக்கியமாக நினைத்தார்கள். தொழில் கற்கக் கற்கக் கூச்சம் மட்டுமா போகிறது? கேட்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தே தேய்கிறது. அறம் பற்றிய ஆய்வை மூத்தவர்களுக்கென்று ஒதுக்காமல், ஒவ்வொரு துறையிலும் மாணவப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு உடனே வரும் மறுப்பு, அறம் அவரவர் கருத்து, அதில் ஆராய என்ன இருக்கிறது என்பது. ஆராய நிறைய இருக்கிறது என்பதை ஒரு மாணவியே காட்டினார். ஜாய் புவலாம்வினி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்தபோது, முகமறியும் மென்பொருள் அவருடைய கறுத்த முகத்தைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளை முகமூடி அணிந்ததும் கண்டுகொண்டது. அதை மனக்குறையாகச் சொல்லி நிறுத்தியிருந்தால் கருத்தோடு போயிருக்கும். ஆப்பிரிக்க, ஐரோப்பிய நாடுகள் ஆறின் நாடாளுமன்ற உறுப்பினர்களுடைய 1,270 படங்களைத் தொகுத்து, அவற்றைக் கொண்டு சில நிறுவனங்களின் முகமறியும் மென்பொருள்களை அவர் சோதித்தார். கணினி ஆய்வாளர் டிம்னிட் கெப்ருவுடன் 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்களிடம் அது 34.7 வரை போனது. அப்போது இளநிலை மாணவியாக இருந்த டெபோரா ராஜியோடு 2019இல் மறுபடி அளந்தபோது, முதல் ஆய்வில் பெயர் அடிபட்ட நிறுவனங்கள் பிழையை வெகுவாகக் குறைத்திருந்தன. அதில் இடம்பெறாத அமேசானின் மென்பொருளோ கருநிறப் பெண்கள் விஷயத்தில் இன்னும் சுமார் 31 விழுக்காடு தவறியது.

ஆனாலும் எண்கள் பாதி தூரம்தான் வரும். பிழை இருக்கிறது என்று அளவீடு காட்டும். அது ஏன் அநீதி என்று காட்டாது. அங்கே தத்துவம் வேண்டும். மயக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு வலிக்கவில்லை, தெரியப்போவதுமில்லை, பின்னால் வரும் நோயாளிகளுக்கோ நன்மை என்ற வாதத்தைப் பாருங்கள். விளைவுகளை மட்டும் கூட்டிக் கழித்தால் அது சரியாகவே தோன்றும். ஆனால் ஒருவருடைய நாட்குறிப்பை அவர் அறியாமல் படித்துவிட்டு அப்படியே திருப்பி வைத்தாலும் அவருக்கு அநியாயம் செய்ததாகத்தானே ஆகிறது? நோவு வேறு, உரிமை மீறல் வேறு. கேட்டால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், பிறகு மருத்துவர்கள் எப்படிக் கற்பார்கள் என்ற அச்சமும் பொய்த்தது; கேட்டால் சம்மதிப்போம் என்று பாதிக்கு மேற்பட்ட பெண்கள் சொன்னதாகக் கனடாவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

மாணவர் என்பதாலேயே அறம் தெளிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1960களில் வாஷிங்டன் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவர் லாட் ஹம்ப்ரீஸ், செயின்ட் லூயிஸ் பூங்காக் கழிப்பறைகளில் ரகசியமாகக் கூடிய ஆண்களை ஆராய்ந்தார். அவர்களுடைய கார் எண்களைக் குறித்துவைத்து, முகவரி கண்டுபிடித்து, ஓராண்டு கழித்துத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, உடல்நலக் கணக்கெடுப்பு என்று சொல்லி வீடுகளுக்கே போனார். ஒருபாலுறவு குற்றமாக இருந்த காலம் அது. பட்டியல் கைமாறியிருந்தால் எத்தனை குடும்பங்கள் குலைந்திருக்கும்! அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைப்பதே அவர் நோக்கம். நல்ல நோக்கம் இருந்தும், அருகில் இருந்து குறுக்குக் கேள்வி கேட்க ஆள் வேண்டியிருந்தது. அந்தத் திசையில் ஒரு முயற்சியாக, ஹார்வர்டில் 2017 முதல் தத்துவத் துறையினர் கணினி வகுப்புகளுக்கே போய் அந்தந்தப் பாடத்தின் அறச் சிக்கல்களை நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பாடத்துக்கு ஒரு வகுப்பு என்ற அளவு போதாது. மாணவர் எந்த ஆய்வேட்டில் பிறருடைய உடலையோ படத்தையோ வீட்டுக் கதவையோ தொடுகிறாரோ, அந்த ஏட்டின் வழிகாட்டிகளில் ஒருவராகத் தத்துவம் படித்தவர் முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டும்.